மகளுக்கு விட்டுக்கொடுத்த முப்பத்தேழு ஆட்டங்கள்

என் மகள் தன் அறைக் கதவின் உட்பக்கத்தில் ஒரு நேரசூசி ஒட்டியிருந்தாள். காலை எட்டரைக்கு நடை. ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை வரை படிப்பு. பிறகு அரை மணி நேரம் மீட்டல். பின்னேரம் ஆட்டம். அது முடிந்ததும் அன்று விட்ட பிழைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது. யாராவது கண்டால் மருத்துவப் பரீட்சைக்குத் தயாராகிற பிள்ளை என்று நினைத்திருப்பார்கள். அவள் படித்தது போக்கர். இணையத்தில் முகம் தெரியாதவர்களோடு காசு வைத்து விளையாடும் சீட்டாட்டம்.

அவளுக்கு இருபத்துநான்கு வயது. ஒரு காப்புறுதி நிறுவனத்தில் கிடைத்த வேலையைப் பதினொரு மாதம் செய்துவிட்டு விட்டாள். அவளுடைய அப்பா எங்களைப் பிரிந்து போய் ஒன்பது வருடம். நகரத்துக்கு வெளியே யூனியன்வில்லில் இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நகரத்துக்குள்ளே பார்க்டேல் பக்கம் சிநேகிதிகளோடு அப்பார்ட்மென்ற் எடுக்கப் போவதாக இரண்டு தரம் சொல்லியிருந்தாள். சூது என்ற பயம் எனக்கு இருந்தது; இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைவிடப் பெரிய பயம், இவளும் போய்விட்டால் நான் யாருக்காகச் சமைப்பேன் என்பது.

றிச்மண்ட் ஹில் கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமை, எனக்குப் பழக்கமான ஒரு பெண் செருப்பு வைக்கிற இடத்திலேயே பிடித்துக்கொண்டார்.

"மகள் இப்ப எங்கை வேலை?"

"வீட்டிலை இருந்துதான். ஒன்லைனிலை."

"ஐ.ரி. வேலையோ?"

"ஓம். டேட்டா மாதிரி."

"அப்ப நல்ல சம்பளம் வருமே. பொடியன் பாக்கிறியளோ?"

நான் பூசைக்கு மணியடிக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். மணி அடிக்கவில்லை.

டேட்டா என்று சொன்னது முழுப் பொய்யும் அல்ல. அவளுடைய சுவரில் பதின்மூன்றுக்குப் பதின்மூன்று கட்டங்கள் போட்ட தாள்கள் தொங்கின. சிவப்பு, பச்சை, நீலம். எந்த இடத்தில் இருக்கும்போது எந்தச் சீட்டோடு விளையாடலாம், எதை வீசவேண்டும் என்று எல்லாம் அதில் இருந்தது. அதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிப் பார்ப்பாள். கணினியில் ஒரு மென்பொருள் அவளுக்குக் கணக்குக் கொடுக்கும். இவள் விடை சொன்னால் அது எவ்வளவு பிழை என்று காட்டும். கிழமையில் மூன்று நாள், ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, காது வலித்தால் அதைக் கழற்றி ஸ்பீக்கரில் விட்டு, நாலு பேர் கொண்ட ஒரு குழுவோடு கதைப்பாள். கதவுக்கு வெளியே துணி மடிக்கிற சாட்டில் நின்று கேட்டிருக்கிறேன். ஒருவர் தான் தோற்ற ஆட்டத்தைச் சொல்வார், மற்றவர்கள் அதைப் பிய்த்துப் பிய்த்துக் கேட்பார்கள். வென்ற ஆட்டத்தையும் அப்படியேதான். "நீ வெண்டது அதிர்ஷ்டம், டிசிஷன் பிழை" என்று ஒருநாள் அவள் யாருக்கோ சொன்னாள். தமிழ் தெரிந்த யாரோ ஒருத்தி அங்கே இருந்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு நாளும் விளையாடி முடிந்ததும், களைப்பு எவ்வளவு, கோபம் எவ்வளவு, கவனம் எவ்வளவு என்று பத்துக்குப் புள்ளி போட்டுக் கொப்பியில் எழுதுவாள். பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் இந்தப் பிள்ளையைப் படி, படி என்று நான் கெஞ்சாத நாள் இல்லை. கடைசியில் படிக்கத் தொடங்கினாள். அதை என்னால் ஒருவருக்கும் சொல்ல முடியவில்லை.

சாப்பாட்டுக் கோப்பையை மேலே கொண்டுபோய் வைத்தால், "தாங்ஸ் அம்மா, நான் ஸ்ரடி பண்ணிக்கொண்டிருக்கிறன்" என்பாள். அவ்வளவுதான் ஒருநாளைய பேச்சு. நான் வேலை செய்யும் பல் வைத்தியசாலையில், முன் மேசையில், நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களோடு சிரித்துக் கதைத்துவிட்டு வீட்டுக்கு வந்து வாயை மூடிக்கொள்வேன்.

அவள் கதைப்பது விளங்கவேண்டும் என்றுதான் முதலில் தொடங்கினேன். தொலைபேசியில் காசில்லாத விளையாட்டு ஒன்று இருந்தது. எனக்குத் தெரிந்த சீட்டாட்டம் ஊரில் விளையாடின முந்நூற்றிநாலு மட்டும்தான். அதில் ஜாக் தான் எல்லாவற்றுக்கும் பெரிது. மூன்று நாட்கள் ஜாக்கை வைத்துக்கொண்டு, ராசா வைத்திருப்பவர்களோடு மல்லுக்கு நின்று தோற்றேன். பிறகு பழகிவிட்டது. மகளைப் பார்த்து நானும் ஒரு கொப்பி வாங்கி, என்ன சீட்டு வந்தது, என்ன செய்தேன் என்று எழுதினேன்.

ஒருநாள் தேத்தண்ணி கொண்டுபோனபோது அவளுடைய திரையில் எந்தத் தளம், அவளுக்கு அங்கே என்ன பெயர் என்று கண்டேன். ஒரு பறவையின் பெயர், ஒரு பறவையின் படம். புதிதாகப் படித்ததை முதலில் மிகச் சிறிய மேசைகளில் சோதிப்பது அவர்களுடைய வழக்கம். அவள் அதை ஞாயிறு பின்னேரங்களில் செய்வாள். நான் அதே தளத்தில் என் பெயரிலேயே கணக்கு ஒன்று திறந்து, மேசையில் தெரிவதற்கு வேறொரு பெயர் வைத்து, இருபது டொலர் போட்டேன். விதிகள் என்று நீளமாக ஒன்று வந்தது. ஒத்துக்கொள்கிறேன் என்ற இடத்தை அமத்தினேன். வாசிக்கவில்லை. வாழ்க்கையில் எத்தனையோ படிவங்களை மற்றவர்களுக்கு வாசித்து விளங்கப்படுத்தியவள் நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் மேலே, நான் குசினியில். திரையில் ஆறு பேருக்கான ஒரு பச்சை மேசை. எனக்கு எதிரே அந்தப் பறவை. அவள் யோசிக்கிற நேரம், அடிக்கிற வேகம் எல்லாம் எனக்குத் தெரிந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு நானும் என் மகளும் ஒரே மேசையில் இரண்டு மணி நேரம் இருந்தோம். அடுப்பில் வைத்த பருப்பு அடிப்பிடித்ததுகூடத் தெரியவில்லை.

மற்றவர்களோடு நான் கவனமாகத்தான் விளையாடினேன். ஆனால் அவள் காசைத் தள்ளினால் நான் சீட்டை வீசிவிடுவேன். கையில் என்ன இருந்தாலும். மீன்குழம்பு வைத்தால் நடுத்துண்டை அவளுக்கு எடுத்து வைப்பேன். அதைப்போலத்தான் இதுவும் எனக்கு இருந்தது. யோசித்துச் செய்யவில்லை. நாலு ஞாயிறு அப்படிப் போனது.

நாலாவது ஞாயிறு அவள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு கீழே வந்து, கதிரையை இழுத்து என் எதிரே இருந்தாள்.

"அம்மா, ஒரு விசயம் சொன்னா உங்களுக்கு விளங்குமோ தெரியேல்லை."

"சொல்லன்."

"கையிலை ஒண்டும் இல்லாம, பெரிசா காசு வச்சு அடிச்சு மற்ற ஆளைப் பயப்பிடுத்திறது இருக்கெல்லோ, புளஃப் எண்டு? அதிலைதான் நான் வீக். இப்ப அது வேர்க் பண்ணுது. நான் அடிச்சா விடுறாங்கள். சாம்பிள் சின்னன்தான், ஆனா ஐ திங்க் ஐ'ம் கெற்றிங் இற்."

"நல்லதுதானே. இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ?"

"போடுங்கோ."

இரண்டாம் தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள். பயிற்சியாளர் ஒருவர் தன் குழு முழுவதையும் எடுத்துப் பயிற்சி கொடுக்கப் போவதாகவும், அதற்கு முன்னர் தன் விளையாட்டைச் சீராக்க வேண்டும் என்றும் சொன்னாள். பார்க்டேல் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அன்று நான் எவ்வளவு சந்தோசமாக இருந்தேன் என்பதை நினைக்க எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

அடுத்த கிழமை, தான் புதிதாகத் தேர்ந்துவிட்டதாக நம்பியதை அவள் பெரிய மேசைகளுக்குக் கொண்டுபோனாள். அங்கே யாரும் விடவில்லை. மூன்று கிழமை அவளுடைய காசு இறங்கிக்கொண்டே போனது. அழவில்லை, கதவை அடித்துச் சாத்தவில்லை. படிப்பு நேரத்தை இரண்டு மணித்தியாலத்திலிருந்து நாலாக்கினாள். சாப்பாடு மறுபடி மேலே போனது. கோப்பைகள் பாதியோடு திரும்பி வந்தன. நான் அந்தத் தளத்துக்குப் போவதை நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன் என்று என்னையே கேட்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை வேலையில் இருக்கும்போது அந்த மின்னஞ்சல் வந்தது. ஒரே முகவரியில் இருந்து இரண்டு கணக்குகள் ஒரே மேசையில் விளையாடியிருக்கின்றன, அதில் ஒன்று மற்றதற்கு வேண்டுமென்றே விட்டுக்கொடுத்திருக்கிறது, கூட்டுக் களவு என்று சந்தேகிக்கிறோம், விசாரணை முடியும்வரை இரண்டும் நிறுத்தப்படுகின்றன. என் முன்னால் ஒருவர் பல்வலியோடு நின்றுகொண்டிருந்தார். அவருடைய பிறந்த தேதியை நான் மூன்று தரம் கேட்டேன். இது நடந்து நாலு மாதமாகிறது. தொலைபேசியில் மின்னஞ்சல் சத்தத்தை இன்னும் நிறுத்தித்தான் வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தபோது அவள் குசினியில் மடிக்கணினியில் அதே மின்னஞ்சலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, உது நீங்களோ?"

"ஓம்."

"நான் போன கிழமையே கண்டுபிடிச்சிட்டன். என்ர புளஃப் வேர்க் பண்ணினது முழுக்க ஒரே ஒரு ஆளுக்கு எதிராத்தான். மற்ற ஒருத்தரும் விடேல்லை. ஆரெண்டுதான் தெரியேல்லை." கொப்பியை எடுத்தாள். "உங்களைப் பற்றி என்ன எழுதி வச்சிருக்கிறன் தெரியுமே? ஐம்பது வயசுக்கு மேலை ஆம்பிளையா இருக்கும். பயந்தாங்கொள்ளி. எப்பவும் அடி."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் ஒரு கணம் வந்ததுபோல இருந்தது. பிறகு இல்லை.

"ஏன் விட்டனீங்கள்?"

"நீ என்ர பிள்ளை."

"அம்மா, நான் முன்னேறிட்டன் எண்டு நினைச்சன்."

காசைப் பற்றியோ, நிறுத்தப்பட்ட கணக்கைப் பற்றியோ அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குப் பதில் இருந்தது.

தளத்துக்கு நான் ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். மகளுக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் என் அறியாமை என்று. அவளுக்கு அது போதவில்லை. சனிக்கிழமை காலை என்னைச் சாப்பாட்டு மேசையில் இருத்தினாள். "உங்கட கொப்பியைக் கொண்டுவாங்கோ." நாங்கள் இருவரும் எதிரெதிராக நின்று, நான் விட்ட ஆட்டங்கள் முப்பத்தேழு. ஒவ்வொன்றிலும் நான் என்ன வைத்திருந்தேன் என்பது அவளுக்குத் தெரியாது. வீசின சீட்டை மற்றவருக்குக் காட்டுவதில்லை. எனக்கும் என் கொப்பிக்கும் மட்டும்தான் தெரியும்.

ஹெட்போனில் குழுவோடு கதைக்கும் அந்தக் குரலில் அவள் கேட்டாள். கோபம் இல்லாத குரல். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"பதினொண்டு. என்ன வச்சிருந்தனீங்கள்?"

"ராணி ரெண்டு."

"நான் அடிக்கேக்கை என்ன நினைச்சனீங்கள்?"

"நீ காலமை சாப்பிடேல்லை எண்டு."

எழுதிக்கொண்டாள். பொய்யான ஆட்டங்களுக்கு நேரே சிவப்புக் கோடு. பன்னிரண்டு, பதின்மூன்று, எல்லாம் சிவப்பு. இருபத்தெட்டுக்கு வந்தபோது அவள் பேனையை வைத்துவிட்டுக் கண்ணைக் கசக்கினாள். இருபத்தொன்பதில் என்னிடம் இருந்தது இரண்டு ராசா; போக்கரில் யாரும் வீசாத சீட்டு. கொப்பி என் பக்கம் திரும்பியிருந்தது.

"இதிலை எனக்கு ஒண்டும் இருக்கேல்லை பிள்ளை. சின்னச் சோடி ஒண்டுதான். நீ அடிச்சவுடனை உண்மையாவே பயந்துதான் வீசினனான்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "உண்மையாவோ?"

"ஓம்."

"அப்ப இது என்ர அடிதான்." அதற்கு நேரே பச்சைக் கோடு போட்டாள். முப்பத்தேழில் பச்சை அது ஒன்றுதான்.

ஐந்து கிழமைக்குப் பிறகு முடிவு வந்தது. எனக்கு இனி எப்போதும் கணக்கு இல்லை. அவளுக்கு எச்சரிக்கையோடு திரும்பக் கிடைத்தது. விசாரணை முடியும்வரை அவளை வெளியே நிறுத்தி வைத்திருந்த குழு மறுபடி சேர்த்துக்கொண்டது. அந்தக் கிழமையே சொன்னாள்: "அம்மா, கோபத்திலை இல்லை. இந்த வீட்டிலை இருந்து விளையாடினா எனக்கு என்ர ரிசல்ற்றை நம்ப ஏலாது." அவள் யோசித்து முடித்துவிட்டாள் என்பது தெரிந்தது. நான் மறுத்துப் பேசவில்லை. பார்க்டேலில் மூன்றாம் மாடி, லிஃப்ற் பழுது. மொனிற்றர் இரண்டையும் நான்தான் தூக்கிக்கொண்டு ஏறினேன். ஒரு சிநேகிதி கதவைத் திறந்து, "அன்ரி, தண்ணி குடிக்கிறீங்களோ?" என்று கேட்டாள். அந்தக் குரலை நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு வீட்டில் அரைச் சுண்டு அரிசி இரண்டு நாளைக்குப் போதுமாக இருக்கிறது. ஞாயிறுகளில் அவள் தொலைபேசி எடுப்பாள். சுகம் கேட்பாள். ஒரு ஞாயிறு, ஒன்றும் அறியாமல், "அந்த இருபத்தொன்பதை இண்டைக்கும் எடுத்துப் பாத்தன் அம்மா. அதிலை நான் சரியாத்தான் அடிச்சிருக்கிறன். அதை வச்சுத்தான் இப்ப என்ர புளஃபைத் திருப்பிக் கட்டிக்கொண்டு வாறன்" என்றாள்.

நான் நல்லது என்று சொல்லிவிட்டு வைத்தேன். திங்கள் போனது. செவ்வாய், வைத்தியசாலையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் காரில் போய் இருந்துகொண்டு அவளை அழைத்தேன். அது அவள் படிக்கும் நேரம். நான் ஒருநாளும் அந்த நேரத்தில் எடுத்ததில்லை.

"என்னம்மா, என்ன நடந்தது?"

"இருபத்தொன்பது. நான் பொய் சொன்னனான்."

கொப்பி புரளும் சத்தம் கேட்டது.

"என்ன வச்சிருந்தனீங்கள்?"

"ரெண்டு ராசா."

"ரெண்டு ராசாவையோ வீசினனீங்கள்?"

"ஓம்."

ஏசுவாள் என்று காத்திருந்தேன். கதிரை உருளும் சத்தம் கேட்டது, பிறகு தட்டச்சுச் சத்தம்.

"ஓகே," என்றாள். "மாத்தி எழுதிறன்."

தொலைபேசியை வையுங்கோ என்று அவள் சொல்லவில்லை, நானும் வைக்கவில்லை. என் மதிய இடைவேளை முடியும்வரை அவள் தட்டிக்கொண்டிருந்தாள். நான் காருக்குள் இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.