குழிக்குள் போன மண் மூட்டைகள்

ஒரு குழியை மூடியதற்காக நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டுமா? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

போன கோடையில், பிள்ளைப்பாக்கத்தில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் பின்னால் நடந்தது இது. அங்கே வேலி இல்லாத பெரிய காலிமனை. தொழிற்சாலை வரப்போகிறதாம். ஆழ்துளைக் கிணறு போடும் முன் அடியில் எங்கே பாறை, எங்கே தண்ணீர் என்று பார்க்க ஒரு துளையிடும் வண்டி வந்தது. வழக்கமான போர் வண்டி மாதிரி இல்லை. புழுதி அதிகம் பறக்காமல், மண் ஒரு குழாய் வழியாக வந்து மூட்டைகளில் விழுந்தது.

என் கணவருக்கு ஒரே பெருமை. ஒரகடத்தில் இந்த மாதிரி வண்டிகளின் பாகங்களைப் பூட்டிச் சேர்க்கும் தொழிற்சாலையில்தான் அவருக்கு வேலை. "குழாய்க்குள்ள குழாய். வெளிப்பக்கமா காத்து உள்ள போகும், நடுவால மண்ணு மேல வரும். ஒரு ஆழத்து மண்ணோட இன்னொரு ஆழத்து மண்ணு கலக்கவே கலக்காது" என்று சாப்பிடும்போதெல்லாம் விளக்கினார். நான் தலையாட்டினேன். என் கவனமெல்லாம், இரண்டரை வயது மகள் வாயில் எதைப் போட்டுக்கொண்டாள் என்பதில்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வண்டி அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிட்டது. எண் எழுதிய வெள்ளை மூட்டைகள் வரிசையாக அங்கேயே நின்றன. துளையின் வாயில் செருகியிருந்த குழாயை அடுத்த துளைக்கு வேண்டுமென்று உருவிக்கொண்டு போயிருந்தார்கள். மூடி என்று பார்த்தால், ஒரு கிழிந்த சாக்கும் அதன்மேல் சில கற்களும்தான். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

மாலையில் வீட்டின் பின்பக்கக் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தேன். மகள் என் காலடியில்தான் இருந்தாள், அல்லது அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன். "அம்மா" என்று கூப்பிட்டாள். குரல் மண்ணுக்கு அடியிலிருந்து வந்தது.

துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். அவள் விழவில்லை. சாக்கை இழுத்துவிட்டு, குழி ஓரத்தில் குப்புறப் படுத்து, தலையை உள்ளே நீட்டி, தன் குரல் திரும்பி வருவதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். கவுனைப் பிடித்து இழுத்தேன். விளையாட்டைக் கெடுத்துவிட்டேன் என்று அவளுக்கு அழுகை.

அவள் தலை தாராளமாக நுழையும் அகலம். உடம்பும் நுழைந்திருக்கும்.

அந்த வேலையின் சூப்பர்வைசர், தெற்கேயிருந்து வந்த ஒரு தம்பி, தண்ணீர் வாங்க வந்தபோது போன் எண் கொடுத்திருந்தார். அவரைக் கூப்பிட்டேன். "இன்னைக்கு லீவு மேடம். குழி மூடுறது எங்க டீம் இல்ல, அதுக்கு வேற கான்ட்ராக்ட். நாளைக்குக் காலைல வந்துருவாங்க. பாப்பாவ மட்டும் கொஞ்சம் பாத்துக்கோங்க."

பார்த்துக்கொள்வதாம்! நாள் முழுக்க வேறென்ன செய்கிறேன்? அவரிடம் எண் வாங்கிக் கூப்பிட்டால், அந்த இன்னொரு கான்ட்ராக்டர் போனையே எடுக்கவில்லை. அந்த மனையை விற்றுக்கொடுத்த தரகரோ, "அது கம்பெனி விஷயம்மா" என்று வைத்துவிட்டார். கணவருக்கு அன்று ஓவர்டைம், வேலை நேரத்தில் தொழிற்சாலைக்குள் போன் வைத்துக்கொள்ளக் கூடாது. என் மகளை உள்ளே வைத்துப் பூட்டிவிடலாம். ஆனால் அந்த மனையில் பந்து விளையாட வரும் தெருப் பிள்ளைகளை எங்கே பூட்டுவது?

சத்தம் கேட்டு வந்த எதிர்வீட்டு அக்கா இடுப்பில் கைவைத்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாம்மா, ஊருக்கெல்லாம் போன் போட்டுக்கினு கீற? குழி இங்க கீது, மண்ணு அங்க கீது. மூட்டையப் புடி."

எனக்கும் நியாயமாகப் பட்டது. குழியிலிருந்து எடுத்த மண்ணைக் குழியிலேயே போடுவதில் என்ன தப்பு? இருவரும் இழுத்து இழுத்துக் கொட்டினோம். போய்க்கொண்டே இருந்தது. "இது குழியா, எங்க வூட்டுக்காரர் வயிறா?" என்றார் அக்கா. கடைசியில் சில மூட்டைகளை அப்படியே உள்ளே திணித்தோம். எங்கோ சிக்கி நின்றன. மீதி மண்ணை அதன்மேல் கொட்டி, காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தினோம்.

கணவர் வந்ததும் பெருமையாகக் கூட்டிப்போய்க் காட்டினேன். தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "அடிப்பாவி! அந்த ஓட்டைய வச்சு அவனுங்க என்ன செய்யப் போறானுங்க? மண்ணுதான்டி சரக்கு! டெஸ்ட் பண்ண மண்ணு வேணும்னுதானே ஓட்டையே போட்டான்!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சரக்க எண்ணி வரிசையா வைக்கத் தெரியுது. ஓட்டைக்கு ஒரு மூடி போடத் தெரியலையா? நான் கொடியில துணி எடுக்கறதுக்குள்ள இவ தலைய உள்ள விட்டுட்டுக் கெடந்தா" என்றேன். அவர் துணிக்கொடியிலிருந்து குழிவரை ஒருமுறை பார்த்தார். மகளைத் தூக்கியவர், அவள் தூங்கும்வரை கீழே இறக்கவில்லை.

மறுநாள் காலை சூப்பர்வைசர் தம்பி பதறிக்கொண்டு வந்தார். "மேடம், நம்பர் போட்ட மூட்டையெல்லாம் எங்க?"

நான் வாய் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "உன் குழியிலதான் கீது. எறங்கி எடுத்துக்கோ."

தம்பிக்கு முகமே செத்துவிட்டது. "என்னைய வேலையவிட்டுத் தூக்கிருவாங்க மேடம்" என்றார். நடந்ததைச் சொன்னேன். என் இடுப்பிலிருந்த மகளையே கொஞ்சநேரம் பார்த்தார். "நீங்க செஞ்சத தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா ரிப்போர்ட்ல நான் என்னன்னு எழுத?"

மன்னிப்புக் கேட்க நினைத்தேன், அவர்தானே கேட்க வேண்டும் என்றும் நினைத்தேன். இரண்டு பேருமே கேட்கவில்லை. அதன்பிறகு அவரை இந்தப் பக்கம் பார்க்கவில்லை. வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள் என்கிறார் கணவர். நிஜமா, என் மனசுக்காகச் சொல்கிறாரா, தெரியாது.

இப்போது அதே மனையில் மறுபடி துளையிடப் போகிறார்களாம். புது சூப்பர்வைசர் வீடு வீடாக வந்து, "மூட்டைங்க மேல மட்டும் யாரும் கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார். குழிக்கு மூடி உண்டா என்று கேட்டேன். "அது வேற டீம் மேடம்" என்கிறார்!

இப்போதெல்லாம் துணி எடுக்கும்போது மகளை ஏதாவது பாடிக்கொண்டே இருக்கச் சொல்கிறேன். குரல் தரைக்கு மேலிருந்துதான் வருகிறதா என்று காது தானாகப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறது. யாரிடம், எப்படிக் கேட்டால் வண்டி கிளம்பும் முன்பே அந்தக் குழிக்கு ஒரு மூடி போடுவார்கள்? விவரம் தெரிந்த வாசகர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். அடுத்த வாரம் வண்டி வந்துவிடும்.