அக்காவின் குரலுக்கு ஒரு பெட்டி

அக்காவின் முதலாம் வருட ஆட்டைத்திவசத்துக்கு அவள் பாடிய தேவாரத்தையே வீட்டில் போட வேண்டும் என்று நின்றேன். ஐயர் வருவார், வெள்ளவத்தைச் சனம் முழுக்க வரும், அவள் குரலும் இருக்கட்டுமே. ஆனால் தம்பி கனடாவிலிருந்து அனுப்பிய பதிவைக் கணினியில் போட்டால், ‘ச’ வருகிற இடமெல்லாம் காதில் ஊசி ஏறியது. சீ, அக்கா இப்படியா பாடினாள்!

பாடியது கசெற்றில். எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. போரில் எரிந்தும் ஓடியும் எல்லாம் பறிகொடுத்தவர்கள் அல்லவா, பெறுமதியான எதையும் இங்கே வைத்திருக்கப் பயம். கல்யாணப் படமோ காணி உறுதியோ, வெளிநாட்டுக்காரன் வந்தால் அவன் பெட்டியில் ஏற்றிவிடுவோம். அங்கே பத்திரமாம். அக்காவும் உயிரோடு இருந்தபோதே கசெற்றுகளைத் தம்பியிடம் கொடுத்துவிட்டாள்.

“உந்தக் கொம்பியூட்டருக்குள்ள இருக்கிற டாக் மலிவுச் சாமான். வெளியால ஒண்டு வாங்கிக் கொழுவு” என்றார் என் மனிசன். கணினியில் இலக்கங்களாகக் கிடக்கும் பாட்டை ஸ்பீக்கருக்கு ஏற்ற ஒலியாக மாற்றுகிற சின்னப் பெட்டிதான் டாக். காலி வீதிக் கடைக்காரர் இரண்டைத் தந்து, “வீட்ட கொண்டுபோய்க் கேட்டுப் பாருங்க மேடம், புடிச்சத வச்சிக்கங்க” என்றார்.

முதலாவதில் குத்தல் கொஞ்சம் மழுங்கியது, அக்காவும் சேர்ந்து மழுங்கினாள். விலை கூடியதைக் கொழுவினால் ஊசி இன்னும் கூர்மையாக, துலக்கமாகக் குத்தியது. எரிச்சலில் வேறொரு பாடகியைப் போட்டேன். தேன். அதே பெட்டி, அதே ஸ்பீக்கர். பழுது பதிவில்தான் என்று அப்போதுதான் விளங்கியது. உடனே தம்பிக்குப் போன் எடுத்தேன்.

“அந்தக் கசெற்றுகளை இஞ்ச வாற ஆரிட்டையாவது குடுத்துவிடு.”

“கசெற்றோ? வீடு மாறேக்க எறிஞ்சிட்டன், சின்னக்கா. அதுதான் கொம்பியூட்டரில ஏத்தியாச்சே. இரைச்சலையெல்லாம் வழிச்செடுத்து, சின்னனாக்கின பைல் ஒண்டுதான் இப்ப இருக்கு, அதைத்தான் உங்களுக்கு அனுப்பினனான்.”

“இரைச்சலோட பெரியக்காவையும் வழிச்செறிஞ்சிட்டியே, பாவி!”

“ஏன் இப்ப கத்துறீங்கள்? அடுத்தமுறை வரேக்க நல்ல ஸ்பீக்கர் ஒண்டு கொண்டு வாறன்.”

ஸ்பீக்கராம்! வேலியே பயிரை மேய்ந்தபிறகு யாரிடம் போய் அழுவது? போனை வைத்துவிட்டு அடுப்படிக்குள் நின்று அழுதேன்.

மழுக்குகிற பெட்டியையே வைத்துக்கொண்டேன். வேறு வழி? திவசத்தன்று அந்தப் பெட்டிக்குள்ளிருந்து யாரோ ஒரு பொம்பிளை எங்கள் விறாந்தையில் குத்தாமல், உயிரில்லாமல் பாடினாள். சனம் நல்லாயிருக்கிறது என்றது. வீடியோ அழைப்பில் தம்பி கண்ணைத் துடைத்தான்.

“பெரியக்கா பக்கத்தில நிண்டு பாடுற மாதிரியே கிடக்கு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனுக்கு அவள் குரல் மறந்தே போயிருந்தது. எனக்கும் அது இன்னும் எத்தனை காலம் ஞாபகத்தில் நிற்குமோ, இனிச் சரிபார்க்க என்னிடம் ஒன்றுமில்லை.