அணைத்த பிறகு வந்த மூன்றாவது சத்தம்

காரை அணைத்ததும் இறங்கி வீட்டுக்குள் போகிற ஆள் இல்லை நான். பானட்டைத் திறந்து வைத்து, எல்லாச் சத்தமும் அடங்குகிற வரை பக்கத்தில் நிற்பேன். டீசல் வண்டி, அணையும்போது ஒரு குலுக்குக் குலுக்கும். பிறகு ரேடியேட்டர் விசிறி கொஞ்ச நேரம் ஓடும். அது நின்றதும், சூட்டில் விரிந்த இரும்பு சுருங்குகிற ‘டிக், டிக்’. அதை எண்ணுவேன். நாகர்கோவில் கடைத்தெருவரை போய்வந்தால் நாற்பதுக்குள் ஓய்ந்துவிடும். தூரம் போய்வந்தால் கூடும். எண்ணி என்ன கிடைக்கிறது என்று மனைவி கேட்பாள். ஒன்றும் கிடைக்காது. எண்ணி முடித்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

இந்தக் கோடையில் மூன்றாவதாக ஒரு சத்தம் சேர்ந்துகொண்டது. சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தது போல ‘ஸ்ஸ்’. கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் ‘ஸ்ஸ்’. கூடவே லேசாகக் கருகுகிற வாடை.

வேறு சமயமென்றால் ஒருவேளை பொறுத்திருப்பேன். மகள் வளைகுடாவிலிருந்து கைக்குழந்தையோடு வர இருந்தாள். பேத்தியை அதுவரை போனில் மட்டும்தான் பார்த்திருக்கிறோம். திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு டாக்சி சொல்லிவிடட்டுமா என்று மருமகன் கேட்டபோது, “நான் இருக்கும்போது டாக்சி எதுக்கு?” என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்ன வாரம்தான் இந்தச் சத்தம்.

மனைவி ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். “பச்சப்புள்ளய ஏத்திக்கிட்டு வழியில நிக்க நம்மால ஆகாது. அந்தச் சத்தம் போகலேன்னா டாக்சிதான்.”

தண்ணீர் சூட்டில் பட்டால்தான் அப்படிச் சீறும். எனவே என்ஜினுக்குள் எங்கோ தண்ணீர் கசிகிறது, அதைத் தடுக்கிற ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று முடிவு செய்தேன். ஆனால் கூலன்ட் தண்ணீர்த் தொட்டியில் பேனாவால் கோடு போட்டுப் பார்த்தால் ஒரு நூல்கூட இறங்கவில்லை. அது என்னை இன்னும் கலக்கியது. இறங்கியிருந்தால் நிம்மதியாகக் கவலைப்பட்டிருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை பணிமனைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, அணைத்துவிட்டுக் காத்திருந்தார். டிக், டிக். வேறொன்றும் இல்லை. “ஒரு கொழப்பமும் இல்ல சாரே. இரும்பு ஆறுத சத்தம்” என்றார். மறுவாரமும் போனேன். “சாரே, சத்தத்தையும் கூட்டிக்கிட்டு வரணும்” என்று சிரித்தார்.

யோசித்தபோது ஒன்று பிடிபட்டது. அந்தச் சத்தம் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே வருகிறது. ஞாயிறு என்றால் நாங்கள் மீன் வாங்கக் கடியப்பட்டணம் போய்வருகிற நாள். தூரம்தான் காரணமோ என்று ஒரு வியாழக்கிழமை மலைப்பக்கம் பூதப்பாண்டிக்குப் போய்வந்து, வாசலோடு திரும்பி இன்னொரு முறையும் போய்வந்தேன். ஏறத்தாழ அதே தூரம். அணைத்தேன். வெறும் டிக், டிக். அப்படியானால் கடற்கரை உப்புக்காற்றுதான் என்று தீர்ப்பெழுதினேன்.

மகள் வருவதற்கு முந்தின ஞாயிறு. கடியப்பட்டணத்திலிருந்து வந்து கார்ஷெட்டில் நிறுத்தினேன். பக்கத்து வீட்டுப் பூனை வழக்கம்போல வண்டிக்கு அடியில் வந்து குந்தியது. அதன் சத்தம் குறுக்கே வரக்கூடாதென்று விரட்டிவிட்டு, பானட்டுக்குள் தலையை நுழைத்தேன். ‘ஸ்ஸ்.’

“இங்க பொறத்தாலயில்லா கேக்குது” என்றாள் மனைவி, டிக்கிப் பக்கமிருந்து.

“என்ஜின் முன்னால இருக்கு ஏட்டி.”

“மீனு பின்னால இருக்கு.”

நான் தலையைத் தூக்கினேன். அவள் கையில் பனையோலைப் பெட்டி. உள்ளே ஐஸ் போட்டு வாங்கிய சாளை மீனும் ஒரு விளமீனும். பெட்டியின் அடி சொட்டிக்கொண்டிருந்தது. மீனுக்கென்று வைத்திருந்த மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பா உடைந்தபின் இந்தப் பெட்டியில்தான் வாங்கிவருகிறோம்.

டிக்கி விரிப்பைத் தூக்கினேன். ஸ்டெப்னி கிடக்கிற குழியில் மீன்தண்ணீர். குழியின் அடைப்பு ரப்பரைக் காணோம். முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தால், துளை வழியாகச் சொட்டு சொட்டாக இறங்கி, நேர் கீழே இருந்த சைலன்சரில் விழுகிறது. ‘ஸ்ஸ்.’ கருகின வாடை சாளையுடையது. விரட்டிய பூனை எனக்கு எதிரே, அந்தப் பக்கமிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

“ஹெட் கேஸ்கட்டு ஆப்பரேசன் எப்போ?” என்றாள் மனைவி.

“மொதல்ல விளமீன வெட்டு.”

மறுநாள் மெக்கானிக் புது ரப்பர் போட்டுத் தந்தார். விஷயத்தைக் கேட்டு, “அடுத்த தடவ வண்டி வேண்டாம் சாரே, மீனக் கொண்டு வாங்க, பாத்துச் சொல்லுதேன்” என்றார். மூடிபோட்ட வாளி ஒன்றும் வாங்கினேன்.

மகள் வந்ததும் ஒரு ஞாயிறுதான். போகும்போது மனைவி தானாகவே முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். திரும்பும்போது பேத்தியோடு பின்சீட்டுக்கு மாறிவிட்டாள். அவ்வளவு தூரத்தில் ஒருமுறைகூட என்னை மெதுவாகப் போகச் சொல்லவில்லை.

கார்ஷெட்டில் அணைத்தேன். குலுக்கல், விசிறி, டிக், டிக். “அப்பா இன்னும் எண்ணுதாங்களா?” என்று மகள் கேட்டது காதில் விழுந்தது.

“எண்ணட்டும். புள்ள ஒறங்குது, நீ மெள்ள எறங்கு.”

பூனை வந்து டிக்கிக்கு நேர் கீழே குந்தியது. இந்த முறை நான் விரட்டவில்லை. மேலே பார்த்தபடி வெகுநேரம் இருந்தது. ஒன்றும் சொட்டவில்லை. எழுந்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டது. நான் மகளின் பெட்டிகளை இறக்கப் போனேன்.