மணிக்கட்டு வரை பூசிய மை

நாற்பத்தொன்பது வயதில் நாடகப் பட்டயப் படிப்பில் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. மாணவர்கள் தன்னறிமுகம் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்து, ஆசிரியர் பார்த்துத் தந்ததும் வகுப்பில் வாசிக்க வேண்டும். நான் எழுதியது இருபத்திரண்டு வரி. திரும்பி வந்தபோது எட்டாவது வரியிலிருந்து பதினெட்டாவது வரி வரை சிவப்பு மையால் அடித்திருந்தது. ஓரத்தில் ஒரு குறிப்பு: ‘இனப் பேச்சு வேண்டாம். நம் ஊரில் அந்தப் பிரச்சினை இல்லை.’

அடிபட்ட வரிகளில் இருந்தது இதுதான்.

துறைமுகத்தில் எழுத்தராகச் சேர்ந்த புதிதில், முத்தையாபுரத்தில் நாங்கள் எட்டுப் பேர் வேலை முடிந்து நாடகம் போடுவோம். ஒரு வருடம், கப்பலை விட்டு இறங்கி ஊருக்குள் வழிதவறிய ஆப்பிரிக்க மாலுமியின் கதை. மாலுமி வேஷம் எனக்கு. ஏன் எனக்கு என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒப்பனைக்காரர் கறுப்பு மை டப்பாவைத் திறந்தார்.

“எனக்கு எதுக்கு அண்ணாச்சி? நானே கறுப்புதான.”

“ஏலே, நீ நம்மூர்க் கறுப்பு. இது ஆப்பிரிக்காக் கறுப்பு. மூஞ்சிய இங்கன காட்டு.”

ரோஸ் பவுடர் பூசி முடித்திருந்த கதாநாயகன் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னான்: “நல்லாப் பூசுங்க அண்ணாச்சி. கரண்டு போனா பல்ல வச்சுத்தான் இவனக் கண்டுபிடிக்கணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இன்று வரை ஆத்திரம் தீராதது என்னுடைய அந்தச் சிரிப்பின் மேல்தான்.

முழுக்கைச் சட்டை என்பதால் கையில் மணிக்கட்டு வரைதான் மை. மேடையில் எனக்கு வசனம் இல்லை. ஊ, ஊ என்று கத்த வேண்டும். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. முன்வரிசையில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. துறைமுகத்தில் நின்ற கப்பலின் மாலுமி, கானா நாட்டுக்காரர். மரியாதை செய்வதாக நினைத்து எங்கள் இயக்குநர்தான் அழைத்து வந்திருந்தார்.

நாடகம் முடிந்ததும் அவர் வந்து கைகொடுத்தார். என் மை அவர் உள்ளங்கையில் ஒட்டியது. அதைப் பார்த்தார். பிறகு என் சட்டைக் கையை மெல்ல மேலே தள்ளி, மை இல்லாத இடத்தில் தன் கையை வைத்துப் பார்த்தார். அவர் கை என் கையைவிட ஒரு சாயல் வெளுப்பு.

“எதற்கு?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

கைகழுவ சோப்பு எடுத்துக் கொடுத்தேன்.

அந்தப் பதினோரு வரியில் சுருக்கி எழுதியிருந்தது இவ்வளவுதான்.

வகுப்பில் ஆறாவதாக என்னை அழைத்தார்கள். ஏழு வரி வாசித்தேன். எட்டாவதையும் வாசித்தேன்.

“சார், அதத்தான் எடுத்தாச்சே,” என்றார் ஆசிரியர். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். “கேக்கறவங்களுக்குச் சங்கடமா இருக்கும்லா?”

“இருக்கட்டும் சார்.”

இருபத்திரண்டு வரியையும் வாசித்து முடித்தேன். பிறகு அவர் எழுதிய குறிப்பையும் உரக்க வாசித்தேன்.

“பிரச்சினையே இல்லாத ஊர்ல அந்த மை டப்பாவ எதுக்கு சார் வாங்குனோம்?”

அவர் வருகைப் பதிவைப் பார்த்து அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டார்.