வெயில் மேல் போட்ட பழி

சித்தாண்டி வயல் வட்டைகளில் களைநாசினி அடிக்கக் கோணாமலையை விட்டால் ஆளில்லை. காற்று கொஞ்சம் கிளம்பினாலும் போதும், முதுகிலிருந்த மருந்தடிக்கும் டாங்கியை இறக்கி வரம்பில் வைத்துவிட்டு வெற்றிலை போடத் தொடங்கிவிடுவார். வயல்காரர் தொண்டை கிழியக் கத்தினாலும் அசைய மாட்டார். நெல்லை ஒன்றும் செய்யாத அந்த மருந்து, அகன்ற இலையுள்ள செடிகளைச் சும்மா விடாது. பக்கத்துத் தோட்டத்துப் பயற்றங்கொடியில் ஒரு துளி பறந்து பட்டாலும் பாவம் என்பது அவர் கட்சி.

இப்பேர்ப்பட்ட மனிதர்தான் சொந்த வீட்டில் கோட்டை விட்டார்.

மனைவி விஜயலெட்சுமி நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து வாழ வந்தவள். அவள் பிறந்த லயத்து வீட்டை மண்சரிவு கொண்டுபோனபின், வாசலில் நின்ற அசேலியாப் பூச்செடியின் ஒரு கன்று மட்டும் மிஞ்சியது. அதைப் பூச்சாடியில் நட்டுக் கொண்டுவந்து கிணற்றடி மாமர நிழலில் வைத்தாள். கிணற்றுத் தண்ணீர் அதற்கு ஆகாதென்று மழைத்தண்ணீர் பிடித்து ஊற்றினாள். இங்கே வந்தபின் அது ஒரு பூவும் பூக்கவில்லை, ஆனால் சாகவுமில்லை. அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

தம்பியின் கல்யாணத்துக்கு அவள் மலைக்குப் போயிருந்தபோது இங்கே வெயில் கொளுத்தியது. மத்தியானத்தில் இலைகள் துவண்டு கிடப்பதைக் கோணாமலையால் பார்க்க முடியவில்லை. டாங்கியை எடுத்துக் கழுவினார். குழாய்க்குள் ஒட்டிய மருந்து வெறும் தண்ணீருக்குப் போகாதென்று ஊருக்கே சொல்பவர்தான். பாசம் கண்ணை மறைத்துவிட்டது. மழைத்தண்ணீரை நிரப்பிப் பூந்தூறலாக அடித்தார். செடி குளிர்ந்தது, மனிதரும் குளிர்ந்தார்.

அவள் திரும்பி வருவதற்குள் கொழுந்தெல்லாம் தூண்டில் முள்ளாக வளைந்து முறுகிவிட்டது. பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது.

விஜயலெட்சுமி வந்ததும் பையைக்கூட இறக்காமல் சாடிக்கு முன்னால் குந்தினாள்.

“வெயிலுங்க,” என்றாள். “இந்த ஊரு இதுக்கு ஒத்துக்கல. நாந்தான் கொண்டாந்து சாகடிச்சிட்டேன்.” கொஞ்சம் பொறுத்து, “மலையில பொறந்தது மலையிலயே இருந்திருக்கணும்,” என்றாள்.

தப்பிக்க இதைவிட நல்ல வழி வேறென்ன வேண்டும்? வெயில் வந்து மறுத்துப் பேசப்போவதில்லை. ஆனால் அவள் செடியை மட்டும் சொல்லவில்லை. அது கோணாமலைக்கு நெஞ்சில் குத்தியது.

“வெயில் இல்ல புள்ள. என்ட டாங்கியாலதான் தண்ணி அடிச்சன். குழாய்க்குள்ள மருந்து கிடந்திரிக்கி.”

அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் மனிதர் பாதியாகிப் போனார்.

“ஒங்களுக்குத் தெரியாததா இது?”

“தெரியும்.”

முறுகிய கொழுந்து ஒன்றை விரலால் நீவி நிமிர்த்தப் பார்த்தாள். அது நிமிரவில்லை.

“அப்ப ஊரு ஒண்ணும் செய்யலையா?”

“ஒண்டும் செய்யல்ல. இவ்வளவு நாளும் ஊர்தானே புள்ள இத உயிரோட வெச்சிருந்த.”

விஜயலெட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்க் கத்தரிக்கோலுடன் வந்தாள். கெட்ட கொழுந்துகளை ஒவ்வொன்றாக வெட்டினாள். அடியில் சில இலைகள் இன்னும் நேராகத்தான் இருந்தன.

“மழைத்தண்ணி கொண்டாங்க,” என்றாள். “செம்புல.”