தெரியாது என்று சொன்ன அக்கா

எங்கள் அக்கா கர்த்தருக்குள் உறங்கி ஓராண்டு நிறைகிறது. நெற்றியில் திருநீறு பூசுகிற நான் இப்படி எழுதுவதைப் பார்த்துச் சிலர் முகம் சுளிக்கலாம். அக்காவின் மறைவை அக்காவின் சொல்லால்தானே சொல்ல வேண்டும்? இந்த நினைவு மலருக்கு எழுதக் கேட்ட அக்காவின் மகனிடம், "சண்டையெல்லாம் எழுதலாமாப்பா?" என்றேன். "எழுதுங்க சித்தி. மறைச்சா அம்மாவே எழுந்து வந்து திட்டுவாங்க" என்றான். ஆகவே எழுதுகிறேன்.

பெருநகர் என்னும் கிராமத்தில் உழவுக் குடும்பத்தின் மூத்த மகளாகப் பிறந்த அக்கா, காவாந்தண்டலத்தில் வாழ்க்கைப்பட்டார். சிறுநீரகம் கெட்டு மாமா படுத்த படுக்கையானபோது, உறவினர்களாகிய நாங்கள் பழம் வாங்கி வந்து பார்த்துவிட்டுப் பஸ் ஏறினோம். ஊர்க்கோடியில் இருந்த சிறிய சபையின் பெண்கள்தான் தினமும் கஞ்சியோடு வந்து, மாமாவைப் புரட்டிப் படுக்கவைத்து, துணி துவைத்துப் போட்டார்கள். மாமா பிழைக்கவில்லை. ஆனால் அக்கா அந்தச் சபையை விடவில்லை. அற்புதம் எதையும் பார்த்து அவர் கிறிஸ்தவர் ஆகவில்லை என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

நாற்று நட்டும் சொசைட்டிக்குப் பால் ஊற்றியும் மகனை ஏனாத்தூர்க் கல்லூரியில் படிக்க வைத்தார். ஒத்தாசைக்கு எங்கள் தந்தையார் அக்கா வீட்டிலேயே வந்து தங்கினார். அவரை நாங்கள் நைனா என்போம். ஞாயிறு காலையில், "நீ போய் உன் சாமியப் பாரு, மாட்ட நான் பாத்துக்கறேன்" என்று அக்காவை அனுப்பி வைப்பார்.

அக்காவின் விசுவாசம் அப்போது மிகவும் கறாரானது. பூவை விட்டார், மூக்குத்தியைக் கழற்றினார், எங்கள் வீட்டுப் பொங்கல் படையலைத் தொட மறுத்தார். ஞானஸ்நானம் பெறாதவர்களுக்கு நரகம்தான் என்பார். "அப்போ நானுமா?" என்று ஒருநாள் சண்டைக்குப் போனேன்.

"நீயுந்தான்டீ. அதான் தெனம் அயுதுகினு ஜெபம் பண்றேன்."

சிரிப்பதா அறைவதா என்று தெரியவில்லை. சில ஆண்டுகள் பேச்சையே நிறுத்திக்கொண்டேன்.

பிறகு நைனா காலமானார், திருநீறோடுதான். அக்கா சொல்லி வந்ததன்படி அவருக்கு எந்த இடம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அக்கா மாட்டுக் கொட்டகைக்குள் போய் நின்று அழுதார்.

சபையின் பெண்கள் ஜெபக்குழுவை அக்காதான் நடத்தி வந்தார். அந்தச் சமயம், சபைக்குப் புதிதாக வந்த ஒரு பெண்ணின் தாயார் இறந்துபோக, குழுவோடு ஆறுதல் சொல்லச் சென்றார். அந்தத் தாயாரும் எங்களைப் போல் கோயிலுக்குப் போகிறவர். "எங்கம்மா இப்போ எங்க கீதுக்கா?" என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறார். வழக்கமான பதிலுக்காக எல்லோரும் காத்திருந்தார்கள்.

"தெரியலம்மா" என்றாராம் அக்கா. "எங்க நைனா எங்கன்னும் எனக்குத் தெரியல. தெரிஞ்ச மாதிரி இத்தினி வருசம் பேசிக்கினு இருந்துட்டேன். ஆனா கர்த்தர் நல்லவரு. அது தெரியும்."

பாஸ்டர் ஐயா கூப்பிட்டு விசாரித்தார். "இப்பிடிப் பேசினா அப்புறம் யாரும்மா ஞானஸ்நானம் எடுப்பாங்க?"

"பயந்துக்கினு வர்றவங்க எதுக்கு ஐயா? நான் கஞ்சியப் பாத்து வந்தவ."

ஜெபக்குழுப் பொறுப்பு கையைவிட்டுப் போனது. எங்கள் உறவுக்குள் ஒரே குஷி. அக்கா திரும்பி வந்துவிட்டார் என்று நானே மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு ஓடினேன். "இன்னாடீ, கட்சி மாறிட்டேன்னு நெனச்சிக்கினியா?" என்று சிரித்தார். அடுத்த ஞாயிறு அதே சபைக்குப் போனார். சிலர் தள்ளி உட்கார்ந்தார்கள்; அவர் பாட்டுக்குப் பாடினார். வேதத்தை முதலிலிருந்து மறுபடி படித்தார். சந்தேகம் வந்தால் பாஸ்டரிடமே போய் நின்றார். ஜெபத்தை ஒரு வேளைகூடக் குறைக்கவில்லை. அந்தத் தை மாதம் என் வீட்டுக்கு வந்து, கண்மூடி நன்றி சொல்லி, பொங்கலை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பூ மட்டும் வைக்கவே இல்லை. அது பயந்து விட்டதில்லை, மனசார விட்டது என்றார். எனக்கு அதில் இன்றும் வருத்தம்தான்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். புற்றுநோய் முற்றிய மாதங்களில் மருத்துவமனைக்கு ஆட்டோ ஓட்டிய பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், முறைவைத்து உடனிருந்த சபைப் பெண்களுக்கும், பெருநகரிலிருந்து வந்து குழி வெட்டிய பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பாஸ்டர் ஐயாவுக்குத் தனியாக வணக்கம். அடக்க ஆராதனையில் எங்களைப் பார்த்து அவர் நரகத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. "அம்மா கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் தேடிக்கினு கீறேன்" என்று மட்டும் சொன்னார்.

கடைசி நன்றி அக்காவுக்கே. போவதற்குச் சில நாள் முன்பு, கால் பிடித்துவிட்டுக்கொண்டே பழைய சண்டையை எடுத்தேன். "அப்போ நானு? எனக்கு இன்னாக்கா?"

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கர்த்தர் என்னிய உள்ள வான்னு கூப்புட்டா, எந்தங்கச்சி வர்ற வரைக்கும் வாசல்லயே குந்திக்கினு கீறேன்னு சொல்லிடுவேன். அவரு கோச்சிக்க மாட்டாருடீ. அவரும் எங்கூடவே குந்திக்குவாரு."