ரெண்டு பேர் ஓட்டும் வண்டி

எங்கள் பக்கத்து வீட்டு அக்காவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "கொக்கி அக்கா" என்றால்தான் தெரியும். பழைய டீசல் பிக்கப் ஒன்றின் பின்னால் இருக்கும் கொக்கியில் டிரெய்லரை மாட்டி, படகு, குதிரை, ஜெனரேட்டர், வீடு மாறுகிறவர்களின் கட்டில் பீரோ என்று எதையும் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ப்பது அவர் தொழில். ஆனால் அந்தக் கொக்கியில் அவர் முதன்முதலாக இழுத்துப்போனது என் வீட்டு வேலியைத்தான். அந்தக் கதையும் வரும்.

வண்டி முதலில் அவர் கணவருடையது. அண்ணன் என்றுதான் நான் கூப்பிடுவேன். பிறத்தியார் லாரிகளை ஓட்டியே பாதி ஆயுளைக் கழித்த மனுஷன், சொந்தமாக வாங்கிய முதல் வண்டி அது. வீடு கட்டும் கான்ட்ராக்டர் ஒருவர் சக்கையாகப் பிழிந்துவிட்டுக் கழித்த வண்டி. நீல பெயின்ட் வெளுத்துப்போயிருந்தது. பின்தொட்டியில் சிமெண்ட் பொருக்குத் தட்டிக் கிடந்தது. அண்ணனும், மெக்கானிக்காக இருக்கும் அவர் தம்பியும் லீவு நாளெல்லாம் அதன் அடியிலேயே படுத்துக் கிடந்தார்கள். என்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களை மாற்றினார்கள், டீசல் டேங்க்கை இறக்கிக் கழுவினார்கள், துருப்பிடித்த இடங்களைச் சுரண்டிச் சாயம் பூசினார்கள். வண்டி எழுந்து நின்றது. எழுந்து நின்றது என்றால், தெருவே அதிர எழுந்து நின்றது. காலையில் அண்ணன் வண்டியைக் கிளப்பினால் எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி பல்லைக் கடிக்கும்.

அக்கா அப்போது ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தார். நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகளை நீராவி இயந்திரத்தில் தேய்த்து மடிப்பது. வண்டியைப் பற்றிக் கேட்டால், "எனக்கு என்ன தெரியும்? அதுல ஏறினா முதுகு வலிக்கும், அவ்வளவுதான் தெரியும்" என்பார்.

பிறகு அண்ணனுடைய கண்ணில் கோளாறு வந்தது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்னும் நோய். நடுவில் மட்டும் தெரியும், ஓரமெல்லாம் இருட்டு. ஒரு குழாய் வழியாக உலகத்தைப் பார்க்கிற மாதிரி. டாக்டர் இனி வண்டி ஓட்டவே கூடாது என்று சொல்லிவிட்டார். அண்ணன் வீட்டுக்கு வந்து சாவியைப் பிரிட்ஜ் மேல் வைத்தார். அடுத்த வாரமே விற்பனைக்கு என்று ஒரு அட்டையை எழுதி முன்கண்ணாடியில் ஒட்டினார்.

ஒரு கோழிப்பண்ணைக்காரர் பார்க்க வந்தார். நானும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்தேன். அண்ணன் பானெட்டைத் திறந்துவிட்டு, பொண்ணு பார்க்க வந்தவர்களிடம் பெண்ணைப் பற்றிச் சொல்கிற அப்பா மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஏர் ஃபில்டரை மட்டும் அடிக்கடி பாத்துக்கங்க. டீசல் ஃபில்டருக்கு அடியில தண்ணி சேரும், அப்பப்ப திறந்து வடிச்சிடணும். மேடு ஏறி வந்தா உடனே ஆஃப் பண்ணாதீங்க, கொஞ்சம் சும்மா ஓடவிட்டு நிறுத்துங்க. டர்போ சூடா இருக்கும், பாவம்." அந்தப் 'பாவம்' என்ற சொல்லைச் சொல்லும்போது பானெட்டின் ஓரத்தைத் தடவிக்கொடுத்தார்.

அக்கா சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வெளியே வந்தார். நேராக வண்டிக்குப் போய் அந்த அட்டையைக் கிழித்தார்.

"மன்னிச்சிடுங்க சார். வண்டி விக்கிறதா இல்ல."

"என்னம்மா, வரச்சொல்லிட்டு இப்படிப் பண்றீங்க?"

"வரச்சொன்னது அவரு. விக்க மாட்டேன்னு சொல்றது நானு. ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்க."

அவர் போனதும் அண்ணன் கோபமாகக் கேட்டார். "வச்சிருந்து என்ன பண்ணப்போற? பின்தொட்டியில மண்ணக் கொட்டிப் பூச்செடி வளக்கப்போறியா?"

"ஓட்டப்போறேன்."

"உனக்கு சைக்கிளே நேரா வராது."

"நீங்க சொல்லிக்குடுங்க. வருதா வரலையான்னு பாப்போம்."

அப்படித்தான் ஆரம்பித்தது. மூடிக்கிடந்த ஒரு தொழிற்சாலையின் காலி மைதானத்தில் பயிற்சி. ஓட்டக் கற்றது பெரிய விஷயமில்லை. உரிமமும் கைக்கு வந்துவிட்டது. டிரெய்லரை மாட்டியதும்தான் வந்தது வினை. முன்னால் போகும்போது சொன்ன பேச்சைக் கேட்கும் டிரெய்லர், பின்னால் தள்ளும்போது நேர் எதிராகப் போகும். நாம் வலது பக்கம் திருப்பினால் அது இடது பக்கம் முறைத்துக்கொண்டு நிற்கும். அக்கா அழுதே விட்டாராம். அப்படி ஒரு நாள் மாலை, வீட்டு வாசலில் பின்னால் எடுக்கும்போது டிரெய்லரின் மூலை என் வேலியில் சிக்கியது. என்ன ஆனது என்று தெரியாமல் அக்கா வண்டியை முன்னால் நகர்த்த, வேலி வேரோடு பிடுங்கிக்கொண்டு தெருமுனை வரை ஊர்வலம் போனது. நான் செருப்புக்கூடப் போடாமல் பின்னால் ஓடினேன். அண்ணனுக்கு ஓரம் தெரியாததால், "சூப்பரா போகுது, போ, போ" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மூன்று பேருமாக வேலியை நட்டோம். அதற்கப்புறம் அண்ணன் யோசித்து வேறு மாதிரிச் சொல்லிக்கொடுத்தார். "ஸ்டியரிங்கை மேல பிடிக்காத. அடியில பிடி. டிரெய்லர் எந்தப் பக்கம் போகணுமோ கையை அந்தப் பக்கம் நகர்த்து. அவ்வளவுதான்." அக்காவுக்கு அது சட்டென்று பிடிபட்டது. "இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?" என்று திட்டினார்.

சலவைக்கூட வேலையை விடாமல், கிடைத்த நாட்களில் சவாரி எடுத்தார்கள். அக்கா ஓட்டுவார், அண்ணன் பக்கத்தில். போய் இறங்கியதும் சிலர் அண்ணனிடமே வந்து பேசுவார்கள். அண்ணன் வண்டியின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "என்கிட்ட பேசுனா ரேடியோகிட்ட பேசுற மாதிரி. டிரைவர் அந்தப் பக்கம் இருக்காங்க" என்பார். அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும்.

ஒரு காலை, குதிரைப் பண்ணைக்காரர் ஒருவர் போன் பண்ணினார். குரலே சரியில்லை. அவருடைய செவலைப் பெண்குதிரை குடல் முறுக்கிக்கொண்டு வலியில் புரள்கிறது. பார்க்க வந்த கால்நடை டாக்டரம்மா, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய விலங்கு மருத்துவமனையில் உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் பிழைக்காது என்றுவிட்டார். டிரெய்லர் இருக்கிறது, அதை இழுக்கும் வண்டி வெளியூர் போயிருக்கிறது.

"மலைப்பாதையா?" என்று அக்கா தயங்கினார். அதுவரை சமதரையில்தான் இழுத்திருக்கிறார்.

அண்ணன் அதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். "வண்டி ஏறும். நீயும் ஏறுவ. வா."

குதிரையை ஏற்றி, கொக்கியைப் பூட்டி, கீழே சங்கிலிகளைக் குறுக்காக மாட்டி, விளக்கு வயரைச் சொருகினார்கள். ஒவ்வொன்றையும் அக்கா கண்ணால் பார்த்தார், அண்ணன் கையால் தடவிப் பார்த்தார். டாக்டரம்மாவும் பண்ணைக்காரரும் காரில் பின்னால் வந்தார்கள்.

இரவெல்லாம் மழை பெய்து பாதை ஈரமாக இருந்தது. தாழ்ந்த கியரில் வண்டி முனகாமல் ஏறியது. பாதி மலைக்கு மேல் ஒரு வளைவில், டப் என்று ஒரு சத்தம். பிறகு எங்கோ காற்று சீறியது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கறுப்புப் புகைதான் வருகிறது, இழுவை இல்லை.

"என்னங்க, செத்துப்போச்சுங்க வண்டி!"

"சாகல. டர்போ ஹோஸ் கழண்டிருக்கு. பதறாத, ஓரமா இடம் பாத்து நிறுத்து."

என்ஜினுக்குள் காற்றை அமுக்கி அனுப்பும் தடித்த ரப்பர் குழாய் அது. வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு அக்கா பானெட்டைத் திறந்தார். எதையும் காணோம். குழாயின் கீழ்முனை ரேடியேட்டருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது. பார்வை நன்றாக இருப்பவர்களுக்கே தெரியாத இடம். அண்ணன் முழங்கை வரை கையை உள்ளே விட்டார். ஈரத்துணி சுற்றியும் சூடு தாங்காமல் பல்லைக் கடித்தார். "கிடைச்சிடுச்சு. குழாயைக் கவ்வுற கிளாம்ப் வாயைப் பிளந்துடுச்சு. பெட்டியில வேற ஒண்ணு இருக்கும், எடு."

புதுக் கிளாம்பை மாட்டினால், குழாய் தன் இடத்தில் உட்கார மறுத்தது. கீழிருந்து யாராவது தள்ளிப் பிடிக்க வேண்டும். அக்கா ஈரச்சரளையில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நகர்ந்தார்.

"தள்ளு. இன்னும். இன்னும் கொஞ்சம்."

"தள்ளிட்டுத்தான் இருக்கேன்! என்ன, ஆடிப் பாடிட்டா இருக்கேன்?"

"உக்காந்துடுச்சு! விடாத, விடாத, முறுக்குறேன்."

அந்த நேரத்தில் டிரெய்லருக்குள் டாக்டரம்மா குதிரைக்கு இன்னொரு வலி ஊசி போட்டார். பண்ணைக்காரர் அதன் நெற்றியில் நெற்றியை வைத்து ஏதோ பேசிக்கொண்டே இருந்தாராம். கோபப்படவில்லை, அவசரப்படுத்தவில்லை. "அந்த ஒரு விஷயத்துக்கே அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கேன்" என்று அக்கா இன்றைக்கும் சொல்வார். "அவரு கத்தியிருந்தா அந்தக் குழாய் உக்காந்தே இருக்காது."

வண்டி மறுபடி உறுமியது. உச்சியைத் தாண்டி இறக்கத்தில் பாதி போனபோது, வலி தாங்காமல் குதிரை டிரெய்லருக்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. டிரெய்லர் வாலாட்டத் தொடங்கியது. முதலில் லேசாக, பிறகு பிக்கப்பின் பின்பக்கத்தையே பிடித்து உலுக்கியது. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை.

பிரேக்கை ஓங்கி மிதிக்கத்தான் கால் துடிக்கும். மிதித்தால் டிரெய்லர் முந்திக்கொண்டு வந்து வண்டியையே மடக்கிப்போடும். அக்கா காலை எடுத்தார். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, டாஷ்போர்டுக்குக் கீழே டிரெய்லருக்கு மட்டும் பிரேக் பிடிக்கிற சின்ன நெம்புகோலை இடக்கையால் மெல்ல அழுத்தினார். டிரெய்லர் பின்னால் இழுபட்டு, இன்னும் இரண்டு தடவை ஆடிப் பார்த்துவிட்டு, நேராகி அடங்கியது.

அண்ணன் டாஷ்போர்டைப் பற்றியிருந்த கையை எடுத்தார். "நான் சொல்ல வாயெடுக்கிறதுக்குள்ள பண்ணிட்டியே."

"பேசாதீங்க. எனக்கு இப்பத்தான் பயமே வருது."

மருத்துவமனையின் பின்கட்டில் ஆபரேஷன் அறைக்கு நேராகப் பின்பக்கமாக டிரெய்லரை விட வேண்டும். குறுகலான வாசல். குதிரையால் அதிகம் நடக்க முடியாது, அதனால் கதவுக்கு ஒட்டி நிறுத்தியாக வேண்டும். பச்சை உடையில் நின்ற ஊழியர்கள் ஆளுக்கொரு பக்கம் கையை ஆட்டினார்கள். ஒருவர் 'லெஃப்ட்' என்கிறார், இன்னொருவர் 'ரைட்' என்கிறார், மூன்றாமவர் இரண்டு கையையும் தூக்கி விமானம் இறக்குகிறார். அண்ணன் கதவைத் திறந்து இறங்கினார்.

"தயவுசெஞ்சு யாரும் கை காட்டாதீங்க. அவளுக்குத் தெரியும்."

எல்லாரும் கையை இறக்கினார்கள். அக்கா ஸ்டியரிங்கின் அடியைப் பிடித்து, கண்ணாடியைப் பார்த்து, ஒரே மூச்சில் டிரெய்லரை வாசலுக்குள் கொண்டுபோய் ஒட்டினார். குதிரை தள்ளாடியபடி நேராக உள்ளே போனது. அக்கா என்ஜினைக் கொஞ்சம் சும்மா ஓடவிட்டு நிறுத்திய பிறகுதான் கீழே இறங்கினார். இறங்கியவர் சக்கரத்தில் சாய்ந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

காத்திருக்கும் அறையில் நாற்காலிகள் ஒன்றோடொன்று பூட்டியிருந்தன. மூலையில் காபி இயந்திரம் ஒன்று தானாக இருமிக்கொண்டிருந்தது. அக்காவின் முதுகெல்லாம் சரளைச் சேறு, அண்ணனின் கையெல்லாம் கரி. யாரும் அவர்களை எழுந்து போகச் சொல்லவில்லை. துடைப்பத்தோடு வந்த அம்மா ஒருத்தி அண்ணனின் கொப்பளித்த கையைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே மருந்தும் கட்டுத்துணியும் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போனார். அவர் முகம் இப்போதும் அக்காவுக்கு நினைவிருக்கிறது.

சாயங்காலம் ஆபரேஷன் செய்த டாக்டர் வெளியே வந்தார். குதிரை பிழைத்துவிட்டது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சிரமம்தான் என்றார். பண்ணைக்காரர் அண்ணனின் கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். "ஐயா, அந்தக் கையை விட்டுட்டு இந்தக் கையைப் பிடிச்சு அழுங்க. அது சுட்டுக்கிட்ட கை" என்றார் அண்ணன். அழுதுகொண்டிருந்தவர் சிரித்துவிட்டார்.

அதற்குப் பிறகு பண்ணைக்காரர் தன் குதிரைகளை வேறு யார் வண்டியிலும் அனுப்புவதில்லை. டாக்டரம்மா தன்னிடம் வருகிறவர்களுக்கெல்லாம் அக்காவின் எண்ணைக் கொடுத்தார். சலவைக்கூடத்திலிருந்து அக்கா விடைபெற்ற நாளில், உடன் வேலை பார்த்தவர்கள் ஒரு படுக்கை விரிப்பைப் பெரிய கொடியாக்கி வாசலில் கட்டி வழியனுப்பினார்கள்.

அண்ணனுக்கு இப்போது வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரிகிறது. ஆனாலும் ஒரு சவாரிகூட அவர் இல்லாமல் போவதில்லை. போன மாதம் என் மகள் வேறு ஊருக்கு வேலைக்குப் போனபோது, அவள் சாமான்களை அக்காதான் இழுத்துப் போனார். நான் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். வழியெல்லாம் அக்கா பேசிக்கொண்டே ஓட்டினார். ஏரி இன்னைக்குச் சாம்பல் நிறமா இருக்குங்க. ஒரு ஆளு கூரை மேல ஏறி ஓடு மாத்துறாரு, ஏணியே இல்ல, எப்படி இறங்குவாரோ. முன்னாடி போற லாரிக்கு ஒரு லைட் எரியல. அண்ணன் கேட்டுக்கொண்டே வந்தார். நடுவில் ஒரு தடவை தலையைச் சாய்த்து, "பின்னாடி இடது சக்கரத்துல பேரிங் லேசா முனகுது, வீட்டுக்குப் போனதும் பாக்கணும்" என்றார். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

சாமான்களை இறக்கிவிட்டு, காலி டிரெய்லர் கடகடவென்று குதிக்கத் திரும்பி வந்தோம். வழியில் ஒரு கடையில் நிறுத்தி ரொட்டியும் பழமும் வாங்கி, பின்தொட்டிக் கதவை இறக்கிவிட்டு மூன்று பேரும் அதில் உட்கார்ந்து சாப்பிட்டோம். வெயில் இதமாக இருந்தது. அக்கா உல்லாசமாகக் காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"கண்ணு போச்சேன்னு இவரு அழுத ஒரு வருஷம் இருந்துச்சுப்பா" என்றார் என்னிடம். "நானும் அழுதேன். இப்ப நினைச்சா, இவ்வளவு ஊரு நாங்க ரெண்டு பேருமா எப்பப் பாத்திருக்கோம்?"

"நீதான் பாக்குற. நான் ஓசியில கேக்குறேன்" என்றார் அண்ணன், இன்னொரு துண்டு ரொட்டிக்குக் கையை நீட்டியபடி.